கரண்ட்டையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அப்பாவுக்கு நல்லதா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கரூர். அப்பாவுக்கு 67 வயது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஆறு மாதத்துக்கு முன்னால் வலது முன்னங்கையில் சுண்டைக்காய் அளவுக்குச் சிவப்பாக ஒரு கட்டி வந்தது. வலியே இல்லை. கொழுப்புக் கட்டி என்று விட்டுவிட்டோம். இரண்டே மாதத்தில் எலுமிச்சை அளவு ஆனதும் எடுத்துப் பரிசோதித்தார்கள். மெர்கல் செல் கார்சினோமா என்று ரிப்போர்ட் வந்தது. பெட் ஸ்கேனில் அக்குளில் நெறி, கல்லீரலில் இரண்டு இடம், வலது இடுப்பெலும்பில் ஓர் இடம். இடுப்பு வலியால் இரவில் தூங்குவதே இல்லை. ஒரு டாக்டர் இம்யூனோதெரபி போடலாம் என்கிறார். இன்னொருவர் கைக்கும் அக்குளுக்கும் முதலில் 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கச் சொல்கிறார். பிரிஸ்பேனில் இருக்கும் தம்பி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஓர் இடத்தில் வைக்கிற கரண்ட் உடம்பு முழுக்க வேலை செய்யும் என்று எங்கோ படித்துவிட்டுச் சொல்கிறான். எதை முதலில் செய்வது? செலவுக்கு வீட்டு மனையை விற்கலாமா? அப்பாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. நெறிக்கட்டு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

– பெயர் வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ‘விட்டுவிட்டோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் உங்களை அரித்துக்கொண்டிருக்கும். மெர்கல் செல் கார்சினோமா என்ற இந்த அரிய தோல் புற்றுநோயின் சுபாவமே அதுதான்: வலிக்காது, வேகமாக வளரும், பார்க்க சாதுவாக இருக்கும். தோல் புற்றுநோய் தினமும் பார்க்கப்படுகிற அமெரிக்காவிலேயே, பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு முதலில் பார்த்த மருத்துவர் இதைச் சாதாரணக் கட்டி என்றுதான் நினைத்திருக்கிறார். அங்கேயே வருடத்துக்கு சுமார் 3,000 பேருக்குத்தான் வருகிறது. நம் ஊரில் ஒரு தோல் மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வுபெறலாம். ஆகவே அந்தக் கணக்கை மூடிவிடுங்கள்.

இந்த அரிதான தன்மையால்தான் உங்களுக்கு முதல் வேலை ஒன்று இருக்கிறது. பயாப்ஸியை இன்னொரு பெரிய புற்றுநோய் மையத்தின் நோய்க்குறியியல் துறையில் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் காகிதம் போதாது. கண்ணாடி ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும் லேபில் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் கொடுப்பார்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நுரையீரலில் வரும் ஸ்மால் செல் புற்றுநோய் தோலுக்குப் பரவினால் மைக்ரோஸ்கோப்பில் கிட்டத்தட்ட இதே போலத்தான் தெரியும்: நெருக்கியடித்த, சின்னச் சின்ன நீல செல்கள். வித்தியாசத்தைக் காட்டிக் கொடுப்பது சி.கே.20 என்ற சாயப் பரிசோதனை. மெர்கல் செல்லில் அந்தச் சாயம் கருவுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு புள்ளி போல ஒட்டி நிற்கும், மூக்குத்தி மாதிரி. கூடவே டி.டி.எஃப்-1 என்ற சாயம் பிடிக்காமல் இருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த இரண்டும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் செய்யச் சொல்லுங்கள்.

சரி, மெர்கல் செல்தான் என்றே வைத்துக்கொள்வோம்.

மெர்கல் என்பது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் ஒருவரின் பெயர். தோலில் தொடுவுணர்வுக்கான செல்களை விவரித்தவர். இந்தப் புற்றுநோயைத் தனி நோயாக முதலில் எழுதியது 1972இல் சிரில் டோக்கர் என்ற மருத்துவர். அதன்பின் பல வருடம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் யுவான் சாங், பேட்ரிக் மூர் இருவரின் ஆய்வுக்கூடம் இந்தக் கட்டிகளுக்குள் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தது. மெர்கல் செல் பாலியோமா வைரஸ். அமெரிக்காவில் சுமார் 80 சதவீதக் கட்டிகளில் அது இருக்கிறது. மீதியில் வெயிலின் புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வில் போட்ட கிறுக்கல்கள் ஏராளமாக இருக்கும். வெயில் கொளுத்தும் ஆஸ்திரேலியாவில் இந்த இரண்டாவது வகையே அதிகம். உங்கள் தம்பி இருக்கும் குவீன்ஸ்லாந்து மாகாணம், உலகிலேயே இந்த நோய் அதிகம் பதிவாகும் இடங்களில் ஒன்று. உங்கள் அப்பாவுக்கு வந்த கை, லாரி ஜன்னலோரம் முப்பது வருடம் வெயில் வாங்கிய வலது கை. அதனால்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. மனதில் தட்டுகிறது, அவ்வளவுதான். அப்புறம், வைரஸ் என்றதும் பேரப்பிள்ளைகளை அவர் மடியிலிருந்து இறக்கிவிடாதீர்கள். இந்த வைரஸ் நம்மில் பெரும்பாலோர் தோலில் எதுவும் செய்யாமல் குடியிருப்பது. புற்றுநோய் தொற்றாது.

வைரஸ் இருக்கும் கட்டி, வெயில் கிறுக்கிய கட்டி, இரண்டுமே நம் உடலின் பாதுகாப்பு செல்களுக்கு அந்நியமாகத் தெரிபவை. ஒன்றில் வைரஸின் புரதம். மற்றதில் உருமாறிப்போன சொந்தப் புரதங்கள். அடையாளம் காண்பதில், பாதுகாப்பு செல்களில் ஒரு வகையான டி-செல்களுக்குச் சிரமம் இல்லை. ஆனால் நெருங்கிப் போனதும் புற்றுநோய் செல் ஒரு பிரேக்கை அழுத்திவிடும். அந்த பிரேக்கின் பெயர் பி.டி-1. இம்யூனோதெரபி ஊசி அந்த பிரேக்கை எடுத்துவிடுகிறது. புற்றுநோயை அது நேரடியாகத் தொடுவதே இல்லை. இந்த வழியைத் திறந்ததற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தாசுகு ஹோஞ்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாப் புற்றுநோயிலும் இது ஒரே மாதிரி கேட்பதில்லை. மெர்கல் செல்லில் நன்றாகவே கேட்கிறது. பரவிய நிலையில் முதல் மருந்தாக பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்த ஆய்வில் நூற்றுக்கு 58 பேருக்குக் கட்டிகள் கணிசமாகச் சுருங்கின. மூன்று வருடம் கழித்து 59 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோவுக்கும் இந்த நோய் சட்டென்று சுருங்கும். ஆனால் அந்தப் பலன் பெரும்பாலும் சில மாதத்தில் கைநழுவிப் போகும். அதனால் உங்கள் அப்பாவுக்கு நடுத்தூண் இம்யூனோதெரபிதான். முதல் டாக்டர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை.

இப்போது கரண்ட். நான் கதிர்வீச்சு மருத்துவன், இருபது வருடமாக இந்த வார்த்தையைத் திருத்திப் பார்த்துத் தோற்றுவிட்டேன். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை, அது எக்ஸ்ரே போன்ற கதிர்தான், சுடாது, ஷாக் அடிக்காது. உங்கள் தம்பி படித்தது பொய் இல்லை. ஓரிடத்தில் கதிர் வைக்க, வேறிடத்துக் கட்டியும் கரைவதற்கு ‘அப்ஸ்கோபல் விளைவு’ என்று பெயர். 1953இல் மோல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி வைத்த பெயர். கதிர் பட்ட செல்கள் உடையும்போது உள்ளே ஒளிந்திருந்த சரக்கெல்லாம் வெளியே கொட்டுகிறது. அதைப் பொறுக்கி எடுத்த வேறு வகைப் பாதுகாப்பு செல்கள் பக்கத்து நெறிக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்குப் போய் டி-செல்களுக்குக் காட்டிக் கொடுக்கின்றன. அங்கே பழகிய டி-செல்கள் ரத்தத்தில் ஏறி மற்ற இடங்களுக்கும் போகின்றன. கேட்கவே அழகாக இருக்கிறது, இல்லையா? 2012இல் வெளியான ஒரு கட்டுரைப்படி, நியூயார்க்கில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்த ஒருவருக்கு, இபிலிமுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தில் இருக்கும்போது முதுகுப் பக்கக் கட்டிக்கு மூன்று தடவை கதிர் வைத்தார்கள். கதிரே படாத மண்ணீரல் கட்டியும் நெறிகளும் சுருங்கின. அந்தக் கட்டுரை வந்த வாரம் எங்கள் துறையில் டீ குடிக்கக்கூட யாரும் எழுந்து போகவில்லை, அவ்வளவு பேச்சு.

ஆனால் 1969 முதல் 2014 வரை உலக மருத்துவ இதழ்களில் கதிர்வீச்சால் மட்டும் இப்படி நடந்ததாகப் பதிவானவற்றைத் தேடிப் பிடித்து எண்ணியபோது கிடைத்தது 46 பேர். அந்த 45 வருடத்தில் உலகம் முழுக்கக் கதிர்வீச்சு எடுத்தவர்களைக் கோடிக் கணக்கில் சொல்ல வேண்டும்.

இம்யூனோதெரபியோடு சேர்த்தால் இந்த அபூர்வம் அன்றாடமாகுமா என்பதுதான் அடுத்த பத்து வருடத்துக் கேள்வி. உங்கள் அப்பாவின் இதே நோயில், பரவிய நிலையிலேயே, அதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டு மையங்கள் சேர்ந்து 50 நோயாளிகளை எடுத்துக்கொண்டன. எல்லோருக்கும் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக, ஒரு கட்டிக்குக் குறிவைத்து மூன்று தடவை, மொத்தம் 24 கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிர்வீச்சு. 2022இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. மருந்து மட்டும் பெற்ற 25 பேரில் 18 பேருக்குப் பலன். கதிரும் சேர்த்துப் பெற்ற 25 பேரில் 13 பேருக்கு. கதிர் சேர்ந்ததால்தான் குறைந்தது என்று அவசரப்பட வேண்டாம், இவ்வளவு சின்னக் கூட்டத்தில் அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடும். ஆனால் கூட்டவில்லை என்பது தெளிவு.

என் துறைக்கு எதிராக நானே சாட்சி சொல்வது போலத்தான் இருக்கிறது. என்ன செய்ய.

அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு, உங்கள் தம்பி அடுத்து அதை அனுப்புவார். இம்யூனோதெரபியை முதல் தடவையாகப் பெற்ற 22 பேரில் 22 பேருக்கும் பலன். நூற்றுக்கு நூறு! அதைப் பார்த்து இரண்டு மருந்தையும் சேர்த்துப் போடச் சொல்லிவிடாதீர்கள். பிறகு வந்த ஓர் ஆய்வில் இரண்டு மருந்து பெற்றவர்களும் நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே பலன்தான் அடைந்தார்கள், நூற்றுக்கு 60 பேர் அளவில். பக்கவிளைவு இரண்டில் அதிகம், செலவும் அதிகம். 67 வயதில், முதல் மருந்தாக, ஒன்றே போதும் என்பது என் கருத்து.

கதிர்வீச்சும் இம்யூனோதெரபியும் சேர்ந்து ஜெயித்த இடங்களும் உண்டு. நுரையீரலின் மூன்றாம் நிலைப் புற்றுநோயில், கீமோவும் கதிரும் முடிந்த பிறகு துர்வலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்ததில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் 33 சதவீதத்திலிருந்து 43 சதவீதம் ஆனார்கள். அதே மருந்தைக் கதிரோடு ஒரே சமயத்தில் தொடங்கிப் பார்த்த ஆய்வு தோற்றது. கருப்பைவாய்ப் புற்றுநோயிலோ பெம்ப்ரோலிசுமாப்பை ஒரே சமயத்தில் கொடுத்ததே பலித்தது. எந்த நோய், எந்த நிலை, எது முன்னால், எது பின்னால் என்பதெல்லாம் அவ்வளவு முக்கியம். கதிருக்கு இன்னொரு முகமும் இருக்கிறது: டி-செல்கள் கதிருக்கு மிக எளிதில் சாகிறவை. அவை பாடம் கற்கும் இடம் நெறி. அந்த நெறிகளுக்கே 25 நாள் கதிர் வைத்துவிட்டுப் பிறகு டி-செல்லை வேலைக்குக் கூப்பிடுவது, பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டு ரிசல்ட் எதிர்பார்ப்பது மாதிரி ஆகிவிடுமோ என்ற கவலை எங்கள் ஆட்களுக்கே இருக்கிறது.

அதனால் உங்கள் இரண்டாவது டாக்டரின் யோசனைக்கு வருகிறேன். நோய் கையோடும் அக்குளோடும் நின்றிருந்தால் அவர் சொன்னதுதான் சரி. அறுவை, அப்புறம் ஐந்து வாரக் கதிர், நானும் அதையேதான் எழுதிக் கொடுத்திருப்பேன். கல்லீரலுக்கும் எலும்புக்கும் போன பிறகு, ஐந்து வாரம் கையில் கதிர் வைத்துக்கொண்டிருந்தால் மற்ற இடங்களுக்கு மருந்து போகாமல் ஐந்து வாரம் கழியும். இந்த நோயின் வேகத்துக்கு அது நீளமான காலம். சுண்டைக்காய் எலுமிச்சை ஆக எவ்வளவு நாள் பிடித்தது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் கதிரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த இடுப்பெலும்புக்கு வேண்டும். ஒரே நாள், ஒரே தடவை, 8 கிரே. எலும்பு வலிக்கு இந்த ஒற்றை டோஸ், பத்து நாள் வைக்கும் கதிருக்கு இணையாக வலியைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. இன்னொரு தடவை வைக்க வேண்டிவரும் வாய்ப்பு மட்டும் கூடுதல். மெர்கல் செல்லுக்கோ இந்த 8 கிரே பிரத்யேகமாகப் பொருந்தும். 26 நோயாளிகளின் 93 கட்டிகளுக்கு இப்படி ஒரே தடவை வைத்துப் பார்த்ததில், 10க்கு 9க்கு மேல் சுருங்கின. கிட்டத்தட்ட பாதி, இருந்த இடம் தெரியாமல் போயின. முதல் ஊசி போடும் அதே வாரத்திலேயே இதையும் முடித்துவிடலாம், மருந்து ஒரு நாள்கூடத் தள்ளிப்போக வேண்டாம்.

காலையில் வந்தால் பிளானிங் ஸ்கேன் எடுத்து, இடுப்பில் மையால் மூன்று குறி போடுவார்கள். அந்தக் குறியைத் தேய்த்துக் குளித்துவிட வேண்டாம். மதியமோ மறுநாளோ மெஷினில் பத்து, பதினைந்து நிமிடம் படுத்திருந்தால் போதும். ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: வைத்த இரண்டு மூன்று நாளில் வலி ஒரு தடவை எகிறலாம். பயந்து மறுபடி ஓடாதீர்கள், மாத்திரையைக் கூட்டிக்கொள்ளச் சொல்வார்கள். குறையத் தொடங்க ஒரு வாரம், நன்றாகத் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகலாம். அதற்குள் எலும்பு டாக்டர் ஒருவரிடம் அந்த ஸ்கேனைக் காட்டி, ஊன்றி நடக்கலாமா, வாக்கர் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். அதுவரை தரையில் உட்கார்ந்து எழ வேண்டாம், குந்தும் கழிப்பறை வேண்டாம். அக்குள் நெறி புண்ணாகிக் கசிந்தாலோ, கை வீங்கி வலித்தாலோ அங்கேயும் இதே போல ஒரு ஷாட் வைக்கலாம். இல்லாவிட்டால் விட்டுவைப்போம். யார் கதிர் வைக்கச் சொன்னாலும் கேளுங்கள்: எந்த இடத்துக்கு, எதற்காக? ‘வலிக்கு’, ‘ரத்தக் கசிவுக்கு’, ‘மருந்துக்கு மற்ற எல்லாம் சுருங்கி இது ஒன்று மட்டும் அடம்பிடிக்கிறது’ என்றால் சரி. ‘மருந்துக்கு பூஸ்ட் கிடைக்கும்’ என்பது மட்டும்தான் பதில் என்றால், ஆய்வுக்கு வெளியே நான் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.

மனை விஷயம். இப்போதே விற்காதீர்கள். ஊசி ஒரு தடவைக்கே பெரிய தொகை ஆகும், இரண்டு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்று ஓடும். மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் மெர்கல் செல்லில் ஒரு நல்ல குணம், பலன் தெரிவதென்றால் பெரும்பாலும் முதல் ஸ்கேனிலேயே, இரண்டு மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிடும். ஆகவே மூன்று மாதச் செலவுக்கு மட்டும் இப்போது வழி பாருங்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு மனையைப் பற்றிப் பேசலாம். மருத்துவமனையின் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கரைப் பார்த்து, மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டம் இருக்கிறதா, காப்பீட்டில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை அவர்களிடம் கேட்கலாம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாப்பை வெறும் 20 மில்லிகிராம், அதாவது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்து, வாய்வழி மருந்துகளோடு சேர்த்து, ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்களை 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்த்தியது. அது மெர்கல் செல்லில் நிரூபணமானதல்ல. முழு அளவு வாங்கவே முடியாது என்ற நிலை வந்தால், ஒன்றுமே போடாமல் இருப்பதைவிட இதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் பேசலாம். முதலிலேயே அங்கே போய் நிற்க வேண்டாம்.

ஊசிக்கு முன்னால் தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். அவருக்கு முடக்குவாதம், சோரியாசிஸ் மாதிரி எதுவும் இருந்ததுண்டா, வலிக்காக யாராவது ஸ்டீராய்டு எழுதியிருக்கிறார்களா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மருந்து தொடங்கும் நேரத்தில் தேவையில்லாத ஸ்டீராய்டு அதன் வேலையைக் கெடுக்கலாம். ‘எதிர்ப்பு சக்தி கூட்டும்’ என்று விற்கும் பொடி, லேகியம் எதுவும் வேண்டாம். பிரேக் எடுத்த வண்டிக்கு ஆக்சிலரேட்டர் தேவையில்லை என்று அப்பாவிடமே சொல்லிப் பாருங்கள், டிரைவருக்கு உடனே புரியும்.

அந்த பிரேக்தான் இந்தச் சிகிச்சையின் ஆபத்தும். விட்டுவிட்ட டி-செல்கள் சில சமயம் குடலை, நுரையீரலை, கல்லீரலை, தைராய்டை, மிக அரிதாக இதயத்தையே தாக்கும். என்னிடம் வந்த ஒரு பெரியவர், வயிற்றுப்போக்கு தொடங்கியதும் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மாதுளைத் தோல் கஷாயமும் மோருமாக ஐந்து நாள் சமாளித்தார். ஆறாவது நாள் வீல்சேரில் வந்தார். அது சாப்பாடு இல்லை, குடல் அழற்சி. ஸ்டீராய்டு ஊசி போட்டு மீட்டோம். முதல் நாளே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும். ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாகப் போனாலோ, புதிதாக மூச்சு வாங்கினாலோ, வறட்டு இருமல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, காரணமில்லாமல் அடித்துப்போட்டாற்போல அசதி வந்தாலோ, அன்றைக்கே போன் செய்ய வேண்டும். பக்கத்து கிளினிக்குக்குப் போனாலும் ‘இம்யூனோதெரபியில் இருக்கிறார்’ என்பதுதான் முதல் வாக்கியம். வெறுமனே கீமோ என்று சொல்லிவிட்டால் வேறு வைத்தியம் நடந்துவிடும். இது கடைசி ஊசி போட்டுச் சில மாதம் கழித்தும் வரலாம்.

இதனால்தான் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும் என்கிறேன். இருமலை முதலில் உணரப்போவது அவர். இரவில் எத்தனை தடவை எழுந்து போனார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். சாதாரண நெறிக்கட்டுக்கு ஊசி போடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர் இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்லப்போகிறார்? உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அடக்கிக்கொள்வார், அந்தத் தலைமுறை அப்படி. முப்பது வருடம் இரவு முழுக்க லோடு ஓட்டியவர், நீங்கள் நினைப்பதைவிடத் திடமாக இருப்பார். பாதி ஏற்கெனவே ஊகித்தும் இருப்பார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் முதல் ஊசிக்கு முந்தைய ஓ.பி.யில் டாக்டரையே பேசச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நோயின் பெயர், என்ன மருந்து, எதற்கெல்லாம் உடனே சொல்ல வேண்டும், இந்த மூன்றும் போதும். மற்றதை அவர் கேட்கும்போது சொல்லலாம்.

அந்த ஓ.பி.க்குப் போகும்போது பெட் ஸ்கேனின் சிடி, ஸ்லைடு, மெழுகுக் கட்டை மூன்றையும் எடுத்துப் போங்கள். உங்கள் இரண்டு டாக்டர்களும் ஒரே ட்யூமர் போர்டில் (பல துறை மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம்) உட்கார்ந்து பேச வழியிருந்தால் இன்னும் நல்லது. தம்பிக்கு இந்தப் பதிலை அனுப்பிவிடுங்கள். அவருக்கு வேலை வேண்டுமென்றால், அங்கிருந்தபடியே தினமும் இரவு அப்பாவுக்கு போன் போட்டு, இருமல் உண்டா, வயிறு எப்படி, மூச்சு எப்படி என்று கேட்டுக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.